27 வெற்றிகள் யார் கணக்கில்?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் பதிவேடுகளைப் புரட்டினால் ஒரு விதி உடனே புரிந்துவிடும். வெற்றியும் தோல்வியும் தலைமைப் பயிற்றுநரின் பெயருக்கு எதிரேதான் எழுதப்படும். பக்கத்து நாற்காலியில் பத்து வருஷம் உட்கார்ந்தாலும் சரி, முப்பது வருஷம் உட்கார்ந்தாலும் சரி, துணைப் பயிற்றுநருக்கென்று அங்கே ஒரு கட்டம் கிடையாது. இத்தனை ஆண்டுகள் பணியாற்றினார் என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

டென்னசி பல்கலைக்கழகத்தின் பேட் சம்மிட் 1974 முதல் 2012 வரை 38 பருவங்கள் பெண்கள் அணியை நடத்தினார். 1,098 வெற்றிகள், 208 தோல்விகள், எட்டு தேசிய வாகையர் பட்டங்கள். மகளிர் விளையாட்டைக் கொஞ்சம் கவனிப்பவர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம். அந்த எட்டுப் பட்டங்களின்போதும் அவர் பக்கத்தில் இருந்த பெண்ணின் பெயரைக் கேட்டால் பெரும்பாலும் தெரியாது. ஹாலி வார்லிக். 1985இல் துணைப் பயிற்றுநராக வந்தவர் 2012 வரை 27 பருவங்கள் அதே இடத்தில் இருந்தார். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

நான் தண்ணீர் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்க்கும் பொறியாளன். விளையாட்டு வரலாறு என் துறை இல்லை. சம்மிட் எழுதிய தன்வரலாற்று நூலைத்தான் முதலில் படித்தேன். அவரைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் எடுத்தேன், ஆனால் முடிக்கும்போது மனசு பக்கத்து நாற்காலிக்குப் போய்விட்டது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

*

வார்லிக் 1958இல் பிறந்தவர், டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரத்துக்காரர். அவர் பள்ளியில் படித்த காலத்தில் அந்த மாநிலத்துப் பெண்கள் ஆடிய கூடைப்பந்து வேறு ஓர் ஆட்டம். அணிக்கு ஆறு பேர். மூவர் ஒரு பாதியில் நின்று பந்தைக் கூடையில் போடுவார்கள், மற்ற மூவர் மறுபாதியில் நின்று தடுப்பார்கள். நடுக்கோட்டை யாரும் தாண்டக்கூடாது. தடுப்பவளாக நிறுத்தப்பட்ட ஒரு பெண் பள்ளி முடியும்வரை ஒரு புள்ளிகூட எடுக்காமலே போய்விடலாம். பெண்களின் உடம்பு முழு மைதான ஓட்டத்தைத் தாங்காது என்ற பழைய நம்பிக்கையின் மிச்சம் அது. டென்னசி பள்ளிகளில் இந்த முறை 1970களின் கடைசி வரைக்கும் இருந்தது.

மலேசிய வாசகர்களுக்கு இதைப் புரியவைக்க ரொம்ப மெனக்கெட வேண்டியதில்லை. நம் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் ஆடும் வலைப்பந்து இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பெண்களுக்காக மாற்றப்பட்ட கூடைப்பந்து இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து காலனி நாடுகளுக்கெல்லாம் பரவியது. சட்டையில் ஒட்டியிருக்கும் எழுத்து உன் எல்லையைச் சொல்லும். கோல் போட இரண்டே பேருக்குத்தான் உரிமை. என் அக்கா தமிழ்ப்பள்ளியில் தடுப்பு இடத்தில் ஆடியவள். ஆறு பேர் ஆட்டத்தைப் பற்றி அவளிடம் சொன்னபோது சிரித்தாள். "நான் மூனு வருஷம் ஆடினேன்டா, ஒரு கோல்கூடப் போட்டதில்ல. போடவே முடியாது. ஆனா நான் இல்லன்னா எத்தனை உள்ள போயிருக்கும்னு எவன் எண்ணினான்?" என்றாள்.

துணைப் பயிற்றுநர் வேலையும் ஏறக்குறைய அதுதான்.

*

வார்லிக் ஓட்டக்காரியாகத்தான் பெயர் வாங்கினார். மாநில அளவில் ஒரு சுற்று ஓட்டத்தில் வாகை சூடியவர். 1976இல் டென்னசி பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் ஓட்டப்பந்தய உதவித்தொகையில்தான். கூடைப்பந்து அணிக்குத் தானாகவே போய் முயன்று இடம்பிடித்தார்.

அப்போது பயிற்றுநராக இருந்த பேட்டுக்கு வயது 24. அந்த வருஷம் மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஆட்டக்காரியாக வெள்ளிப் பதக்கம் வாங்கித் திரும்பியிருந்தார். அவருடைய தொடக்கத்தையும் இங்கே சொல்லவேண்டும். 1974இல் 22 வயதில் பட்ட மேற்படிப்பு மாணவியாக, துணைப் பயிற்றுநராக இருப்பதற்குத்தான் அவரை அழைத்தார்கள். தலைமைப் பயிற்றுநர் மேற்படிப்புக்காக விலகிவிட, முதல் ஆட்டத்துக்கு முன்பே அணி முழுவதும் இவர் கைக்கு வந்தது. மாதச் சம்பளம் 250 டாலர். சீருடையைத் துவைப்பதும் வேனை ஓட்டுவதும் அவரேதான். ஆக, டென்னசியில் அவர் ஒரு பருவம்கூடத் துணையாக இருந்ததில்லை. முதல் ஆட்டம் மெர்சர் அணியிடம் 84-83 என்று தோற்றது.

1972இல் அமெரிக்காவில் 'டைட்டில் ஒன்பது' என்ற சட்டம் வந்தது. அரசாங்கப் பணம் வாங்கும் கல்வி நிலையங்கள் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்றது. விளையாட்டும் அதில் அடங்கியது. ஆனால் சட்டம் வந்த மறுநாளே பணம் வந்துவிடுமா? வார்லிக் ஆடிய நான்கு வருஷமும் அந்த இடைக்காலத்தில்தான் கழிந்தது. பெரிய கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு பெண்கள் கூடைப்பந்துக்கு வாகையர் போட்டி நடத்தத் தொடங்கியதே 1982இல்தான். அதற்குமுன் பெண்களுக்கென்று தனிச் சங்கம் இருந்தது. அந்தச் சங்கத்தின் 1980 இறுதி ஆட்டத்தில் டென்னசி ஓல்டு டொமினியன் அணியிடம் தோற்றது. வார்லிக்கின் கடைசிக் கல்லூரி ஆட்டமும் அதுதான்.

பந்தைக் கொண்டுபோய்ப் பிறருக்குக் கொடுக்கும் பாயிண்ட் கார்ட் இடம் அவருடையது. மூன்று முறை அகில அமெரிக்க அணிக்குத் தேர்வானார். அவர் அணிந்த 22ஆம் எண் சட்டையை டென்னசி மரியாதையாக ஓய்வுக்கு அனுப்பியது.

அதே 1980இல் அமெரிக்க ஒலிம்பிக் அணியிலும் இடம் கிடைத்தது. அணியின் துணைப் பயிற்றுநர் பேட். ஆனால் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து அமெரிக்கா மாஸ்கோவைப் புறக்கணித்தது. இந்த இடத்தில் நம் ஆட்கள் பெருமூச்சு விடலாம். கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்று தகுதி பெற்ற மலேசியக் காற்பந்து அணியும் அதே புறக்கணிப்பில்தான் வீட்டில் உட்கார்ந்தது. கோல்காவலர் ஆர். ஆறுமுகத்துக்கும் ஹாலி வார்லிக்குக்கும் பொதுவாக ஒன்று உண்டென்றால் அது வராமல்போன அந்த மாஸ்கோ கோடைதான்.

நெப்ராஸ்கா ராங்லர்ஸ் என்ற தொழில்முறை அணியில் ஒரு பருவம் ஆடினார். 1981இல் அந்த அணி வாகை சூடியது. அதே ஆண்டு லீக்கே இழுத்து மூடப்பட்டது. 23 வயதில் அமெரிக்காவில் இனி ஆட இடமில்லை. மிச்சமிருந்த வழி பயிற்றுநர் வேலை. வெர்ஜீனியா டெக்கில் மேற்படிப்போடு துணைப் பணி, பிறகு நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம். 1985இல் பேட் சம்மிட் கூப்பிட்டார். வார்லிக் வீட்டுக்குத் திரும்பினார்.

*

அதே 1985இல் மிக்கி டிமாஸ் என்ற இன்னொரு துணைப் பயிற்றுநரும் சேர்ந்தார். அதுவரை 11 பருவங்கள் சம்மிட் பட்டத்தின் வாசல்வரை போய்த் திரும்பியிருந்தார். 1984 ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்குத் தங்கம்கூட வாங்கிக்கொடுத்தார். கல்லூரிப் பட்டம் மட்டும் கிடைக்கவில்லை. இந்த இருவரும் வந்த இரண்டாவது பருவம், 1987இல், லூசியானா டெக்கை 67-44 என்று வென்று முதல் பட்டம். பிறகு 1989, 1991, 1996, 1997, 1998. பதிமூன்று பருவங்களில் ஆறு பட்டங்கள். அதில் 1998 அணி 39 ஆட்டங்கள் ஆடி ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

இருவர் வந்ததால்தான் பட்டம் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி ஒரு கணக்கை யாராலும் நிரூபிக்க முடியாது. என்.சி.ஏ.ஏ. வந்தபின் பணமும் வந்தது, நல்ல ஆட்டக்காரர்களும் வந்தார்கள். ஆனால் துணைப் பயிற்றுநர் என்னதான் செய்கிறார் என்று பார்த்தால் அந்த வேலையின் கனம் தெரியும்.

முதலில் ஆள் சேர்ப்பது. ஒரு பள்ளி மாணவி எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போவாள் என்பது அவள் வீட்டு வரவேற்பறையில்தான் முடிவாகிறது. வருஷக்கணக்கில் அவள் ஆட்டங்களுக்குப் போய் உட்கார வேண்டும், கடிதம் எழுத வேண்டும், அம்மா அப்பாவோடு பேச வேண்டும். அடுத்தது எதிரணியைப் படிப்பது. அவர்களின் ஆட்டப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் போட்டு, அவர்களுடைய பாயிண்ட் கார்ட் களைத்துப்போனால் எந்தப் பக்கம் திரும்புவாள் என்பதுவரை குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, தனித்தனி ஆட்டக்காரர்களைப் பழக்குவது. வார்லிக்கிடம் வந்தவர்கள் பெரும்பாலும் கார்ட் இடத்துப் பெண்கள். நான்காவதுக்குப் பெயர் இல்லை. சம்மிட்டின் பார்வை எதிரில் நிற்பவரை உறையவைக்கும் என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது. அந்தப் பார்வை வாங்கிய 19 வயசுப் பெண் பயிற்சி முடிந்ததும் எங்கே போவாள்? துணைப் பயிற்றுநரின் அறைக்குத்தான்.

1990 செப்டம்பரில் நடந்ததை அங்கே எல்லாரும் சொல்வார்கள். நிறைமாதக் கர்ப்பிணியான சம்மிட், பென்சில்வேனியாவில் ஒரு பள்ளி ஆட்டக்காரியின் வீட்டுக்கு ஆள் சேர்க்கப் போனார். கூடப் போனவர் மிக்கி டிமாஸ். போன இடத்தில் பிரசவ வலி எடுத்துவிட்டது. திரும்பும் வழியில் விமானிகள் வெர்ஜீனியாவில் இறக்கலாமா என்று கேட்க, சம்மிட் முடியாது என்றார். பிள்ளை டென்னசியில்தான் பிறக்க வேண்டும். போதாக்குறைக்கு அந்த வருஷம்தான் வெர்ஜீனியா பல்கலைக்கழகம் டென்னசியைத் தோற்கடித்து, நாக்ஸ்வில்லிலேயே நடந்த இறுதிச் சுற்றுக்குப் போகவிடாமல் தடுத்திருந்தது. மகன் டைலர் நாக்ஸ்வில்லில் பிறந்தான். அடுத்த வருஷ இறுதி ஆட்டத்தில் அதே வெர்ஜீனியாவைக் கூடுதல் நேரத்தில் 70-67 என்று டென்னசி வென்றது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் சம்மிட்டின் வைராக்கியத்தை மெச்சுவார்கள். நான் அந்தப் பயணத்தில் டிமாஸின் நிலைமையை யோசித்துப் பார்ப்பேன். ஆள் சேர்க்கப் போன இடத்தில் மருத்துவச்சியாகவும் ஆகவேண்டி வந்திருக்கும்.

டிமாஸ் 2003இல் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்றுநராகப் போனார். வார்லிக் நகரவில்லை. 2001இலேயே மகளிர் கூடைப்பந்துப் புகழரங்கில் இடம்பெற்றுவிட்ட ஒருவர், இன்னொருவரின் பக்கத்து நாற்காலியில் தொடர்ந்து உட்கார்ந்திருந்தார். 2007, 2008 என்று மேலும் இரண்டு பட்டங்கள்.

*

2011 ஆகஸ்ட் 23ஆம் தேதி பேட் சம்மிட் தனக்கு இளம்வயது மறதி நோய், அல்சைமர் வகை, என்று வெளியில் அறிவித்தார். வயது 59. அந்தப் பருவம் அணியோடு இருப்பேன் என்றும் சொன்னார். பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது.

2011-12 பருவம் முழுக்க சம்மிட் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். வேலையின் பெரும்பகுதி வார்லிக்கின் தோளில் இருந்தது. ஆட்ட நேரத்தில் எழுந்து நின்று கட்டளையிட்டது அவர். ஆட்டம் முடிந்து பத்திரிகையாளர்கள் முன்னால் போய் உட்கார்ந்ததும் அவர். 2010இலேயே திரும்பி வந்திருந்த டிமாஸும், டீன் லாக்வுட் என்ற இன்னொரு துணைப் பயிற்றுநரும் கூட நின்றார்கள். எந்த ஊர் அரங்கத்துக்குப் போனாலும் எதிரணி ரசிகர்களும் எழுந்து நின்று சம்மிட்டுக்குக் கைதட்டினார்கள். கைதட்டல் முடிந்ததும் பந்து மேலே போகும். அதற்கப்புறம் நடப்பதற்கு யாராவது பொறுப்பேற்க வேண்டுமே.

என் கேள்வி தொடங்குவது இங்கேதான். தலைவருக்கு நினைவு தப்பும்போது ஓர் அமைப்பின் நினைவு எங்கே இருக்கிறது? 1980களில் எந்தப் பயிற்சி எதற்காகச் சேர்க்கப்பட்டது, எந்தத் தோல்விக்குப் பிறகு எந்தத் தடுப்புமுறை கைவிடப்பட்டது, இதையெல்லாம் சம்மிட் எழுதிவைத்திருந்தார்தான். ஆனால் எழுதாமல் விட்டது எத்தனையோ இருந்திருக்கும். அதைச் சுமந்தவர்கள் கூட இருந்தவர்கள். முதலில் ஆட்டக்காரியாகவும் பிறகு துணையாகவும் 31 பருவங்கள் பக்கத்தில் இருந்தவர் வார்லிக்.

அந்தப் பருவத்தில் டென்னசி தென்கிழக்கு மாநாட்டுப் போட்டியை வென்றது. தேசியப் போட்டியில் கடைசி எட்டு அணிகளுக்குள் வந்து, தோல்வியே காணாத பேய்லர் அணியிடம் 77-58 என்று தோற்றது. நான்கு வருஷம் படித்த டென்னசி ஆட்டக்காரி ஒரு முறையாவது இறுதி நால்வரில் ஆடியிருப்பாள் என்பது அதுவரை உடையாத வழக்கம். 2012இல் படிப்பை முடித்தவர்களோடு அது உடைந்தது. மொத்தக் கணக்கு 27 வெற்றி, 9 தோல்வி.

அந்த 27உம் சம்மிட்டின் 1,098க்குள் இருக்கிறது. வார்லிக்கின் பெயருக்கு எதிரே ஒன்றுகூட இல்லை.

இதை அநியாயம் என்று எழுதுவது எளிது. நான் அப்படி எழுதப்போவதில்லை. பதிவேட்டுக்கு ஒரு விதி வேண்டும், விதிப்படி சம்மிட்தான் தலைமைப் பயிற்றுநர். அந்த வெற்றிகளைக் கேட்டு வார்லிக் வழக்குப் போடவுமில்லை. ஆனால் பதிவேட்டை மட்டும் வைத்து வரலாறு எழுதுகிறவன் அந்தப் பருவத்தைத் தப்பாகத்தான் படிப்பான். 27 என்ற எண் சரி. அதை வைத்து யார் நின்றார், யார் பேசினார், யார் தூங்காமல் எதிரணியின் பதிவுகளைப் பார்த்தார் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

*

2012 ஏப்ரல் 18இல் சம்மிட் விலகினார், வார்லிக் தலைமைப் பயிற்றுநர் ஆனார். மறுநாள் செய்தியாளர் சந்திப்பில் சம்மிட் தன் விசிலை அவர் கையில் கொடுத்தார்.

முதல் ஆட்டம் 2012 நவம்பரில், அதே மாநிலத்துச் சட்டனூகாவுக்கு எதிராக. 80-71 என்று தோல்வி. சம்மிட்டும் தன் முதல் ஆட்டத்தில் தோற்றவர்தான். ஆனால் 1974இல் அதைப் பார்க்க ஆளில்லை. 2012இல் நாடே பார்த்தது. அதற்குப்பிறகு அணி எழுந்து மாநாட்டுப் பட்டத்தை வென்று, கடைசி எட்டுக்கும் வந்தது. பருவ முடிவில் அவருக்கு ஒரு விருது கிடைத்தது: ஆண்டின் சிறந்த புதுமுகப் பயிற்றுநருக்கான மேகி டிக்சன் விருது. 31 வருஷம் பயிற்றுநர் வேலை பார்த்தவர் புதுமுகம்! விதிப்படி அதுவும் சரிதான்.

ஏழு பருவங்களில் 172 வெற்றி, 67 தோல்வி. நூற்றுக்கு 72. எந்தப் பல்கலைக்கழகமும் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும் கணக்கு இது. ஆனால் சம்மிட்டின் கணக்கு நூற்றுக்கு 84. மூன்று முறை கடைசி எட்டு வரை வந்தும் இறுதி நால்வருக்குள் நுழைய முடியவில்லை. காலமும் மாறியிருந்தது. கனெடிகட் பல்கலைக்கழகம் ஏற்கெனவே முன்னால் போய்விட்டது. 1991 இறுதியில் வெர்ஜீனியாவுக்கு ஆடித் தோற்ற டான் ஸ்டேலி, இப்போது தென் கரோலைனாவின் பயிற்றுநராக அதே மாநாட்டுக்குள் ஒரு வல்லரசைக் கட்டிக்கொண்டிருந்தார். 2016 ஜூன் 28இல் சம்மிட் 64 வயதில் காலமானார். கேட்டுத் தெரிந்துகொள்ள இனி யாருமில்லை.

2018இல் டென்னசி தன் சொந்த அரங்கில் தேசியப் போட்டி ஆட்டமொன்றில் முதன்முறையாகத் தோற்றது. 2019இல் முதல் சுற்றிலேயே யு.சி.எல்.ஏ. அணியிடம் தோல்வி. மார்ச் 27ஆம் தேதி வார்லிக் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவர் இடத்துக்கு வந்த கெல்லி ஹார்ப்பர், 1990களின் பட்ட அணிகளில் பாயிண்ட் கார்டாக ஆடியவர். அவரும் 2024இல் நீக்கப்பட்டார். 2008க்குப் பிறகு டென்னசி இறுதி நால்வரைப் பார்க்கவில்லை. வார்லிக்கை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று நினைத்தவர்களுக்கு இந்த வருஷங்கள் போதுமான பதில்.

அப்படியானால் வார்லிக் நல்ல துணை, சுமாரான தலைவர் என்று முடித்துவிடலாமா? பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சம்மிட்டுக்கு 27 வருஷம் ஒரு வார்லிக் இருந்தார். தலைமைக்கு வந்த வார்லிக்குக்கு அப்படி ஒருவர் இல்லை. தலைவரை மாற்றும்போது துணையின் நாற்காலியும் காலியாகிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

*

இவர் ஏன் என்னை இழுத்தார் என்று சொல்கிறேன் என்றேன். ஆலையில் எல்லா முக்கியமான பம்பும் இரண்டிரண்டாக இருக்கும். ஒன்று ஓடும், ஒன்று காத்திருக்கும். காத்திருப்பதைச் சும்மா விட்டால் அது துருப்பிடித்து, தேவைப்படும் நாளில் சுழலாது. அதனால் முறை வைத்து மாற்றி மாற்றி ஓட்டுவோம். யார் எவ்வளவு நேரம் ஓடினார்கள் என்பதற்கு இரண்டு பம்புக்கும் தனித்தனி மணிக்கணக்கு உண்டு. இயந்திரத்துக்குச் செய்யும் இந்த மரியாதையை மனிதர்களுக்கு நாம் செய்வதில்லை.

நம் பக்கத்து வரலாற்றையும் இப்படித்தான் எழுதிவைத்திருக்கிறோம். ஆண்டுவிழா மலர்களை எடுத்துப் பாருங்கள். பள்ளியென்றால் தலைமையாசிரியர் வரிசை, கோயிலென்றால் தலைவர் வரிசை, சங்கமென்றாலும் அதே வரிசைதான், படத்தோடும் ஆண்டோடும். துணைத் தலைமையாசிரியராக இருபது வருஷம் இருந்து மூன்று தலைமையாசிரியர்களைக் கரையேற்றிய டீச்சர் குழுப்படத்தில் இரண்டாவது வரிசையில் நிற்பார். பெயர்கூட இருக்காது. அவரும் போய்விட்டால் அந்தப் பள்ளி எப்படி நடந்தது என்று சொல்ல ஆளில்லை. இருக்கும்போதே போய்க் கேட்டு எழுதிவைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

மகளிர் கூடைப்பந்தில் இது கொஞ்சம் மாறியிருக்கிறது. 1985 முதல் கனெடிகட் அணியில் துணையாகவே இருக்கும் கிரிஸ் டெய்லியும், மிக்கி டிமாஸும் 2018இல் ஒரே நாளில் புகழரங்கில் சேர்க்கப்பட்டார்கள். அந்தப் புகழரங்கம் இருக்கும் ஊர் நாக்ஸ்வில்.